ஹில்டா ஓட்டாத சைக்கிள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பாஸ்போர்ட் வாங்கப் போய்க் கிடைத்தது. 1994-ல் நான் விண்ணப்பம் போட்டேன். குரோம்பேட்டையில் என் வீட்டுக்கு விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, "சார் பேர்ல ஒரு பெட்டி கேஸ் கீதே" என்றார். 1986 மார்ச்சில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டேனாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டினேனாம். எனக்குச் சைக்கிளே கிடையாது.

அந்த வழக்கை எழுதியவரைத் தேடிப் பொழிச்சலூரில் கண்டுபிடித்தேன். பெயர் ஏசுபாதம். முன்னாள் தலைமைக் காவலர். ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அவர் தலையில் விழுந்ததால் எல்லோரும் ரைட்டர் என்று கூப்பிடுவார்களாம். நான் சண்டை போடத்தான் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"வாரப் பத்திரிகையில உங்க பேரு வந்துச்சு சார். கீய ஊரும் போட்டிருந்தான். பேரு நல்லா இருந்துச்சு, எடுத்துக்கினேன்."

அது என் முதல் கதை. "கதை எப்படி இருந்தது?" என்று கேட்டேன். வெட்கமில்லைதான்.

"அத்த யாரு சார் படிச்சா?"

ஆக, எட்டு வருஷம் நான் அவருடைய பாத்திரமாக இருந்திருக்கிறேன். இப்போது அவர் என்னுடைய பாத்திரம். [பழிவாங்கல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். தாம்பரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் கேட்காதீர்கள்.]

2

தொடக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன்: "தாம்பரம் ரயில் நிலையத்தின் மேல் மாலைச் சூரியன் தன் செங்கதிர்களை—"

வேண்டாம். ஏசுபாதம் சூரியனைப் பார்த்தவரில்லை, மாசக் கடைசியைப் பார்த்தவர். மாதம் இருபது பெட்டி கேஸ் காட்டியாக வேண்டும் என்பது இன்ஸ்பெக்டரின் உத்தரவு. விளக்கில்லாத சைக்கிள், சைக்கிளில் டபுள்ஸ், நடுத்தெருவில் கூச்சல் என்று சில்லறைக் குற்றங்கள். ஊர் ஒழுங்காக நடந்துகொள்ளும் மாதங்களில்தான் தொல்லை. பன்னிரண்டோடு நின்றுவிடும். மீதி எட்டுப் பேரை ஏசுபாதம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிடிப்பார்.

ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், வயது, தொழில், தெரு எல்லாம் உண்டு. சர்ச்சில் கல்யாணம் ஆகப்போகிறவர்களின் பெயர்களை ஓலையாக வாசிக்கும்போது மற்றவர்கள் கொட்டாவி விட, இவர் மட்டும் பெயர்களைக் காதில் வாங்கிக்கொள்வார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் கத்தரிக்காயோடு நாலு குற்றவாளிகளும் வீட்டுக்கு வருவார்கள். நான் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைக்க மூன்று மாதம் திண்டாடுகிறவன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், எனக்கு வயிறு எரிகிறது.

[அபராதத்தை யார் கட்டினார்கள், கோர்ட்டில் யார் கைகட்டி நின்றார்கள் என்று போனால் இது வேறு கதையாகிவிடும். அந்தக் கதையை எழுத எனக்குத் தைரியமில்லை.]

3

அதே 1986 மார்ச் முப்பத்தொன்று. பத்தொன்பது கேஸ் ஆகியிருந்தது. அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஏன்யா, இந்த ஏரியாவுல பொம்பளைங்க தப்பே பண்ண மாட்டாங்களா? எல்லாம் ஆம்பளையாவே இருக்கு, பாக்கறவன் சந்தேகப்படுவான்" என்றார்.

ஏசுபாதம் யோசித்தார். தெரிந்த பெண் பெயர் ஒன்றும் மனசுக்கு வரவில்லை. அப்போது பார்த்து மகள் ஹில்டா சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"உனக்கு இன்னா வயசும்மா?"

"பதினாறுப்பா." அப்பா தன் வயதைக் கேட்டதே அவளுக்குச் சந்தோஷம்.

பதினெட்டு என்று எழுதினார். விலாசம் யோசிக்கச் சோம்பலாக இருந்ததால் போலீஸ் குடியிருப்பில் தன் வீட்டு எண்ணையே போட்டார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் கை பழக்கத்தில் ஏசுபாதம் என்று எழுதிவிட்டது. குற்றம்: சைக்கிளில் டபுள்ஸ். பின்னால் உட்கார்ந்திருந்தவர்: தாவீது, இருபத்திரண்டு, மாடம்பாக்கம், ரயில்வே கிளார்க். எழுதி முடித்துவிட்டுக் கேரியரைத் திறந்தார். ஹில்டாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

4

மறு வருஷம் ஹில்டா பிளஸ் டூ முடித்தாள். கெமிஸ்ட்ரியில் பள்ளிக்கூடத்திலேயே முதல். காலேஜில் இடமும் கிடைத்தது. காலமான ஒரு டி.எஸ்.பி.யின் குடும்பத்தார், போலீஸ்காரர்களின் பிள்ளைகள் காலேஜ் படிக்க ஓர் உதவித்தொகை வைத்திருந்தார்கள். அது கிடைத்தால் மூன்று வருஷப் படிப்பும் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கையுறை தைக்கப் போக வேண்டியதுதான். அம்மா ஞானம்மாள் அங்கே சொல்லியும் வைத்துவிட்டாள்.

விண்ணப்பத்தில் பதினான்காவது கேள்வி: "விண்ணப்பதாரர் மீது சிறு வழக்கு உட்பட வழக்கு ஏதும் உண்டா? நிலைய அதிகாரி பதிவேட்டைப் பார்த்துச் சான்றளிக்கவும்."

இதற்குள் ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பெயர் சாம்பசிவன். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். [இப்படி ஒருவர் உண்டா என்று கதையைப் படித்த நண்பர் கேட்டார். எனக்கும் இந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் இவர் படிக்காவிட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும்.] படித்தார். ஏசுபாதத்தைக் கூப்பிட்டார்.

"யோவ், உன் பொண்ணு மேல கேஸ் இருக்குய்யா. நீதான் எழுதியிருக்கே."

ஒரு வருஷமாக அந்த எழுத்தை மறந்தே போயிருந்த ஏசுபாதம் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

5

வீட்டில் ஞானம்மாள் கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றியதல்ல.

"யாரு அந்தப் பையன்?"

"அப்டி ஒருத்தன் இல்லடி. நானா இட்டுக்கட்டி எயுதினது."

"இட்டுக்கட்ற ஆளு கிறிஸ்டியன் பையனா பாத்து இட்டுக்கட்டுவியா? அதுவும் ரயில்வே வேலையில?"

ஏசுபாதம் தலையைச் சொறிந்தார். "பின்ன? பொண்ணு பின்னாடி கண்டவனையா குந்த வெப்பேன்?"

ஞானம்மாள் உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள். வெளியே வந்து, "சம்பளம் எவ்ளோன்னு போட்டே?" என்றாள்.

6

இந்த இடத்தில் எனக்கு ஆசை வந்துவிட்டது. தாவீதை நிஜமாகவே கொண்டுவந்தால் என்ன? மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பையன், சட்டையை இன் பண்ணிக்கொண்டு, "என் பேரில் ஒரு தகவல் இருக்காமே" என்று வாசலில் வந்து நின்றால்? ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கல்யாணம் வரை போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது, ஹில்டாவுக்கு வேண்டியது மாப்பிள்ளை இல்லை, காலேஜ். அடித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் மனம் இரங்கி அந்தத் தாளைக் கிழித்துவிடுவதாகவும் ஒரு முடிவு எழுதினேன். ஆனால் பதிவேட்டில் பக்க எண் அச்சடித்திருக்கும். "அவர் மெதுவாக எழுந்து ஜன்னலருகே சென்று, கண்களைத் துடை—" துடைக்கவில்லை. சாம்பசிவன் அப்படிப்பட்டவர் இல்லை.

அவர் சொன்னது இதுதான்: "என்னால ரெண்டுல ஒண்ணுதான் செய்ய முடியும். கேஸ் இருக்குன்னு எழுதுவேன். இல்ல, இது நானா எழுதின பொய்க் கேஸ்னு நீ கைப்பட எழுதிக் குடு. பொண்ணுக்கு சர்டிபிகேட் தரேன், உனக்கு மெமோ தரேன். ஒண்ணு பொய்ன்னா மத்ததையும் தோண்டுவாங்க. வேலை போனாலும் போகும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லு. பொண்ணையும் கூட்டிட்டு வா, நானே விசாரிக்கணும்."

7

மறுநாள் நாலரை மணி. ஹில்டா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இன்ஸ்பெக்டர் எதிரில் நின்றாள். பின்னால் ஏசுபாதம். இன்ஸ்பெக்டர் சொன்னதை ராத்திரி அப்பா அம்மாவிடம் சொன்னபோது அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏம்மா, நீ சைக்கிள்ல டபுள்ஸ் போனியா?"

"போனேன் சார்."

ஏசுபாதம் திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

"பின்னால யாரு?"

"தாவீதுன்னு ஒருத்தர் சார். ரயில்வே கிளார்க். இப்ப இங்க இல்ல, அரக்கோணத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாரு."

அரக்கோணம் பதிவேட்டில் இல்லை. அது அவளாகச் சேர்த்தது. தடுமாறாமல், கண் கொட்டாமல், ஏசுபாதம் இருபது வருஷமாக எழுதிய அதே மாதிரி. அப்பனைக் காப்பாற்றப் பெண் பொய் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அதை இவ்வளவு நன்றாகச் சொல்கிறாளே என்பதுதான் தாங்க முடியவில்லை. ஆண்டவரே, இது என்கிட்ட இருந்து போனதா என்று நினைத்தார்.

சாம்பசிவன் பேனாவை மூடினார். "முற்றத்துல சைக்கிள் இருக்கு. ஓட்டிக் காட்டு."

முற்றத்தில் பிடித்துவைத்த சைக்கிள்கள் சாய்ந்துகிடந்தன. காற்று இருந்த ஒன்றை ஹில்டா நிமிர்த்தினாள். ஆண்கள் சைக்கிள், நடுவில் பார். ஏறினாள், விழுந்தாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். மறுபடி ஏறினாள். இரண்டு மிதி மிதித்துச் சுவரில் போய் மோதினாள். "ரொம்ப நாளாச்சு சார், டச் விட்டுப்போச்சு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். மூன்றாவது தடவை விழுந்தபோது முழங்கையில் ரத்தம் வந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஏசுபாதம் தன் மேசைக்குப் போனார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மார்ஜின் மடித்தார். ஆயிரம் பேர் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எழுதிய கை, "நான்" என்று எழுதிவிட்டு நின்றது.

8

பொழிச்சலூரில் அவர் என்னிடம் சொன்னது இதுவரைதான். "அப்புறம்?" என்றேன்.

"எயுதறவரு நீங்கதானே சார்" என்றார்.

வேலை போய்விட்டதா, முறையாக ஓய்வுபெற்றாரா, ஹில்டா கெமிஸ்ட்ரி படித்தாளா என்று வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டிப் பார்த்தேன். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. நான் போலீஸ்காரன் இல்லை. முடிவாக ஐந்தாறு எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஏசுபாதம் மார்ஜின் மடித்த அந்தத் தாளை உங்களிடமே தருகிறேன். ஒரு வேலையும் ஒரு படிப்பும் அதில் இருக்கின்றன. இரண்டில் எதைக் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

நான், ஏசுபாதம், தலைமைக் காவலர், .................................................

ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். வெளியே ஹில்டா சைக்கிளை நாலாவது தடவை நிமிர்த்திவிட்டாள். பெடலில் கால் வைத்தாயிற்று. இந்தத் தடவை அவள் விழாமல் போய்விட்டால், அப்புறம் நீங்கள் எழுதுவதை யாரும் நம்பமாட்டார்கள்.