அப்பா சொன்ன ஓம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் அக்கா ஞானாம்பிகை. "நீ கதை எழுதிறனீதானே தம்பி? அப்பா விளங்கித்தான் சொன்னவர் எண்டு எழுது." யாழ்ப்பாணத்தில் இது நடந்த தொண்ணூற்றைந்தில் நான் கொழும்பில் இருந்தேன். எதையும் பார்க்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

'கொழும்புத்துறைக் கடல் அன்று அமைதியாக...'

[வெட்டிவிட்டேன். கடலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

வைகாசியில் ஒரு காலை, அப்பாவின் கடைவாயால் தேத்தண்ணி வழிந்தது. வலக்கையிலிருந்து கோப்பை விழுந்தது. களைப்பு என்று நினைத்து அக்கா படுக்கவிட்டாள். பின்னேரம்தான் ஆஸ்பத்திரி. டொக்டர் பூட்டுத் திறப்பின் முனையால் உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மேலே நிமிர்ந்தது.

"பாரிசவாதம். மூளையிலை அடைப்போ கசிவோ எண்டு ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். இஞ்சை அது இல்லை."

பிரசர் குளிசை கொடுத்தார். அக்கா தினமும் அப்பாவின் கையையும் காலையும் மடக்கி நீட்டினாள். ஆவணியில் சுவரைப் பிடித்து நாலடி வைத்தார். பேச்சில் ஆமென்கிற ஒரு சொல் மட்டும் திரும்பியது. பசிக்குதோ? ஓம். சாப்பிட்டாச்சோ? ஓம். (வீட்டில் சிரித்தார்களாம். அதையும் எழுதச் சொன்னாள்.)

3

ஐப்பசிக் கடைசி. ஆமி வருகிறது, எங்கள் ஊர்ப்பக்கமான வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறும்படி ஒலிபெருக்கி சொன்னது. அக்கா புருசனை இழந்தவள். இரண்டு பிள்ளைகள், ஒரு சைக்கிள்.

"அப்பா, பிள்ளையளைக் கொடிகாமத்திலை விட்டிட்டு நாளைக்கு வாறன். இருப்பியளோ?"

"ஓம்."

கொடிகாமத்தில் சின்னவனுக்குக் காய்ச்சல். நாலாம் நாள்தான் திரும்பினாள். அப்பா படலையடியில் குப்புறக் கிடந்தார். உயிர் இல்லை.

4

முடிவு ஒன்று: விளங்கித்தான் சொன்னார். பிள்ளைகள் போகட்டும் என்று இருந்தார். படலையைச் சாத்திக் கொளுவத்தான் போயிருப்பார்.

முடிவு இரண்டு: ஒன்றும் விளங்கவில்லை. வீடு வெறிச்சோடியதும் பயந்துபோய், சுவர் முடிந்த இடத்திலிருந்து தவழ்ந்து, அவர்களைத் தேடி...

[என்னால் முடியவில்லை.]

அக்காவையே கேட்டேன். "'வாறியளோ அப்பா' எண்டு ஒருக்காக் கேட்டனீயே?"

அக்கா சொன்னாள்:

"கேட்டிருந்தா அதுக்கும் ஓம் எண்டிருப்பார். பிறகு நான் என்னெண்டு விட்டிட்டுப் போறது தம்பி?"

5

இவ்வளவையும் நாளை அவள் வாசிப்பாள். அப்பா விளங்கித்தான் சொன்னாரா என்று மறுபடியும் கேட்பாள். வாசிக்கிற நீங்களே அவளுக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.