பக்கத்து சீட்டின் எடை

என் கணவன் ஹார்லன் ஓய்வு பெறும்வரை பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டியவன். அத்தனை காலமும் நான் நெப்ராஸ்காவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இந்நேரம் எந்த ஊரைத் தாண்டியிருப்பான், எந்த மலையில் பனி கொட்டுகிறதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதும் உன்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போவேன் என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்வான். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு சீட் போதும். அதற்காகத்தான் வீட்டை விற்கவே சம்மதித்தேன்.

வீட்டை விற்றுச் சக்கரம் வைத்த வீடு வாங்கினோம். பெரிய டிரெய்லர். அதன் முன்பக்கம் வளைந்து வந்து, பிக்கப் என்கிற சின்ன லாரியின் திறந்த பின்தொட்டிக்கு மேலே ஏறி, தொட்டியில் முடுக்கிய கொக்கியில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே சோபா, கணப்பு, துணி துவைக்கிற இயந்திரம் எல்லாம் உண்டு. பிக்கப் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. டிரெய்லரை விற்றவன் பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இது அநாயாசமாக இழுத்துவிடும் என்றானாம். ஹார்லனும் தலையாட்டிவிட்டு வந்தான். லாரியில் எண்பதாயிரம் பவுண்டு எடையை இழுத்தவனுக்கு இது எம்மாத்திரம் என்ற நினைப்பு.

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வெளியே டிரெய்லர்கள் நிற்கும் முகாமில் தங்கினோம். குளிர் வருவதற்குள் அரிசோனா போய்விட வேண்டும் என்பது திட்டம். முகாமில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுகிறார்கள் என்றால் சுற்றியிருக்கிறவர்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கையில் காப்பி, வாயில் யோசனை. அடுத்த மனையிலிருந்த வெண்டல் முதல் வரிசை. அவர் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பிடுங்கப் பல் இல்லாததால் அடுத்தவர் நிம்மதியைப் பிடுங்குகிறார். பிக்கப்பின் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்குமே, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. பிக்கப்பின் விளம்பரத்தில் போட்டிருந்த எடை, வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது. மஞ்சள் தாளில் இருந்த எடை, அது எவ்வளவு சுமக்கும் என்பது. முன்னதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை பின்னது. டிரெய்லரின் மூக்கு தொட்டியில் உட்காருகிறதல்லவா, அந்தப் பாரம், கொக்கியின் கனம், பெட்டிகள், நாங்கள் இரண்டு பேர், எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன எண்ணுக்குள் அடங்க வேண்டுமாம். கொக்கிக்கு ஒரு எண், டயருக்கு ஒரு எண், அச்சுக்கு ஒரு எண். டிரெய்லரின் மேல் போட்டிருந்த எடையோ ஒரு ஸ்பூன்கூட உள்ளே வைக்காத காலி வீட்டின் எடை. காலி வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஹார்லன் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கணக்குப் போட்டான். ஒருவழியாக முகம் மலர்ந்து, மயிரிழையில் அடங்குகிறது என்றான். எங்கள் எடையை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். டிரைவிங் லைசென்ஸிலிருந்தாம். இங்கே அதில் எடையும் போட்டிருக்கும், நாமே வாயால் சொல்கிற எடை. என் லைசென்ஸில் இருக்கிற எடை என் மகள் பிறப்பதற்கு முன்னால் நான் சொன்னது. அவனுடையது அதற்கும் முந்தியது. இந்த நாட்டில் எந்த மனிதன் அங்கே உண்மையைச் சொன்னான்? நான் வாயைத் திறக்கவில்லை. அந்த சீட் எனக்கு வேண்டும்.

நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்குமிடத்து எடைமேடைக்குப் போனோம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். உயரமான சீட், எவ்வளவு தூரம் தெரிகிறது! கம்பத்திலிருந்த ஒலிபெருக்கி, முதல் எடையா மறு எடையா என்று கேட்டது. முதல் எடை என்றான் ஹார்லன், பழைய மிடுக்கோடு. எடை அச்சிட்ட தாள் வந்ததும் மிடுக்கு இறங்கிவிட்டது. பிக்கப் சுமக்கக்கூடியதைவிட நானூறு பவுண்டுக்கு மேல் அதிகம்.

தண்ணீர்தான் காரணம் என்றார் வெண்டல். டிரெய்லரின் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அலைகிறீர்களே என்றார். கடைசிச் சொட்டு வரை திறந்துவிட்டு மறுபடி போனோம். டிரெய்லர் இளைத்திருந்தது. பிக்கப்பின் பாரமோ முன்னைவிடக் கூடியிருந்தது. தண்ணீரைக் கொட்டினால் பாரம் ஏறுமா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஹார்லன் எடைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகுதான் பிடிபட்டது. அந்தத் தண்ணீர்த் தொட்டி டிரெய்லரின் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அது நிறைந்திருந்தபோது வாலை அழுத்தி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. சீசா பலகையில் பின்னால் இருந்த ஆளை நாங்களே இறக்கிவிட்டிருந்தோம்.

மறுபடி தண்ணீரை நிரப்பினோம். அவனுடைய சங்கிலிகள், கருவிப் பெட்டிகள், நான் பீச் பழம் போட்டு வைத்திருந்த கண்ணாடி ஜாடிகள் எல்லாவற்றையும் இறக்கி முகாமில் இருந்தவர்களுக்குக் கொடுத்தோம். துணி துவைக்கிற இயந்திரத்தைக்கூடக் கழற்றினோம். இறக்க இறக்க எண் குறைந்தது. கடைசியில் நூற்று எண்பது பவுண்டில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் கழற்ற ஒன்றுமில்லை. நூற்று எண்பது எனக்குத் தெரிந்த எண். லைசென்ஸில் இல்லாத எண்.

வெண்டல் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்கா மண்டையை உடைச்சுக்கிறீங்க? என் பொண்டாட்டி எப்பவும் கார்லதான் பின்னாடி வருவா. உங்க பழைய காரை இன்னும் விக்கலையே, அதுல இவங்க வரட்டும்."

ஹார்லன் முடியாது என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையைப் பிடித்து டிரெய்லருக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அப்போ எல்லாத்தையும் இறக்கியாச்சு, மிச்சம் இருக்கிற பாரம் நான்தான். அப்படித்தானே?"

"அப்படிப் பேசாதே லியோட்டா."

"ரோட்டுல யார் எடை பார்க்கப் போறா? நம்மள மாதிரி வண்டியை எவனும் நிறுத்தறதில்லன்னு நீயே சொன்னே. அந்த சீட்டுக்காக வீட்டையே வித்தேனே, ஹார்லன்."

அவன் சோபாவில் உட்கார்ந்தான். "பாரம் கூடிப்போய் மலை இறங்கின வண்டிங்களை நான் பார்த்திருக்கேன். டிரைவர் சில சமயம் குதிச்சுடுவான். பக்கத்துல இருக்கிற ஆளை..." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "வேற யாரா இருந்தாலும் ஏத்திக்கிட்டுப் போயிடுவேன். உன்னை ஏத்த மாட்டேன்."

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? வேண்டாம் என்று இறக்கிவிடுகிறானா, வேண்டும் என்பதால் இறக்கிவிடுகிறானா? கோபப்படத் தொடங்கினால் அழுகை வந்தது. அழத் தொடங்கினால் கோபம் வந்தது. அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தேன்.

காலையில் மடக்கு நாற்காலிகள் வந்துவிட்டன. ஹார்லன் டிரெய்லரை மாட்டி, விளக்குகளைச் சரிபார்த்துவிட்டு என்னிடம் வந்தான். லாரிக்காரப் பாஷையில் பாடம் நடத்தினான்: என் பின்னாலேயே வா, நெருங்கி வராதே, எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் போனில் சொல்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாய் மட்டும் வேறு சொன்னது.

"நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."

"உனக்கு வழி தெரியாதே."

"நிஜம்தான். தெரியாது. தப்பாப் போனா நீயும் தப்பா வா."

வெண்டல் சிரித்தார். ஹார்லன் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லித் தன் வண்டியில் ஏறினான்.

மேற்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறினேன். பக்கத்து சீட் எனக்குக் கிடைக்கவில்லை. என் காரின் பக்கத்து சீட்டும் காலியாகவே கிடந்தது. சந்தோஷமா துக்கமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அந்தப் பெரிய வெள்ளை மூக்கு, அதற்குக் கீழே பிக்கப், அதற்குள் தொப்பி போட்ட சின்னத் தலை. கொஞ்ச தூரம் போய் மறுபடி பார்த்தேன். அங்கேயே இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து சாலையில் அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.