மனப்பாடம்

ஊசியோடு வந்த நர்ஸின் கையை அப்பா தட்டிவிட்டார். தட்டிவிட்டார் என்பதே கொஞ்சம் மிகைதான். நடுவில் நின்றுபோன லிஃப்ட்டின் இரும்புக் கதவை முழு பலத்தோடு விலக்கித் திறந்த கை அது. இப்போது போர்வைக்கு மேல் சற்றே எழும்பி, அவள் மணிக்கட்டில் பட்டு விழுந்தது. ஆனாலும் வேண்டாம் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"இரும்மா. இன்னும் வரல."

"என்னய்யா வரணும்? இப்படித் துடிக்கிறீங்களே" என்றாள் நர்ஸ்.

அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். கட்டிலின் மறுபக்கம் இளையவன் போனும் கையுமாக உட்கார்ந்து, அவர் வாயையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில் அம்மா. மூத்தவள் யார் பக்கமும் சேராமல் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"லேடர்" என்றார் அப்பா.

"அது வந்துடுச்சுப்பா. லேடர் முன்னாடியே சொல்லிட்டீங்க. அடுத்தது?"

அப்பாவின் முகம் சுருங்கியது. வலியிலா, சொன்னதையே சொல்லிவிட்ட வெட்கத்திலா என்று மூத்தவளுக்குப் புரியவில்லை. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, டாக்டரிடம் சொல்கிறேன் என்று வெளியே போனாள்.

விஷயம் இதுதான். அப்பா வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். பெயிண்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில் மூத்தவள்தான் அவரிடம் இண்டெக்ஸ் ஃபண்டைப் பற்றிச் சொன்னாள். "எந்தக் கம்பெனி ஜெயிக்கும்னு நாம மண்டையை உடைச்சுக்க வேணாம்ப்பா. சந்தையில இருக்கிற பெரிய கம்பெனி எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போயிடும். ஒன்னு படுத்தா இன்னொன்னு தூக்கும். மாசாமாசம் போடணும், போட்டதைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்." தொடக் கூடாது என்பது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கழற்றிப் பார்க்கிறவனைவிடப் பெரிய முட்டாள் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி.

இளையவன் கட்சி வேறு. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிற அவனுக்குக் கிரிப்டோ என்றால் உயிர். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஏட்டிக்குப் போட்டி ஆரம்பித்துவிடும்.

"அக்கா ஃபண்டு மாட்டு வண்டிப்பா. இது ராக்கெட்டு" என்பான்.

"ராக்கெட்டு நடுவழியில நின்னா எவன்டா ஏறிப் போயி ரிப்பேர் பண்றது?" என்பார் அப்பா.

அம்மா சிரிப்பாள், மூத்தவள் சிரிப்பாள். இளையவனும் சிரிப்பான், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பான். அந்தத் தாமதத்தை அப்பா கவனித்திருக்கிறார் என்பது மூத்தவளுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஃபண்டில் சேர்ந்திருந்ததில் சரிபாதியை எடுத்து, அவளுக்குத் தெரியாமல், இளையவன் சொன்ன கிரிப்டோ காயினாக மாற்றி வைத்திருந்தார். காயின் அவனுக்கு, மீதி ஃபண்டு அவளுக்கு.

"ஏம்ப்பா?" என்று கேட்டதற்கு, "அவன் பேச்சையும் ஒரு தடவை கேக்கணும்ல" என்றார். மூத்தவளுக்குச் சுருக்கென்றது. தொடக் கூடாததைத் தொட்டுவிட்டாரே என்ற கோபம் ஒரு பக்கம். தன் பேச்சை மட்டும்தான் கேட்பார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்த கர்வத்துக்கு விழுந்த அடி இன்னொரு பக்கம். எது பெரியது என்று அவள் ஆராயவில்லை.

அந்தக் காயினைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் தெரிய வேண்டும், அதுவும் வரிசை மாறாமல். எங்கேயும் எழுதி வைக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க, ஒரு பயல் பார்த்தால் எல்லாம் போச்சு என்று அடித்துச் சொன்னவன் இளையவன்தான். அப்பாவுக்கு அது சவாலாகப் போய்விட்டது. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் மக்கர் பண்ணும் என்பதைத் தலையிலேயே வைத்திருந்தவருக்குப் பன்னிரண்டு வார்த்தை ஒரு பொருட்டா? தினமும் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து முணுமுணுப்பார். அம்மா அதைப் பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இளையவன் பாசத்தில் ஒரு காரியம் செய்தான். அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, பழையதில் இருந்ததை எல்லாம் சுத்தமாக அழித்துக் கடையிலேயே விற்றுவிட்டான். காயின் இருந்தது அந்தப் பழைய போனில். "உங்க மண்டையிலதான் வார்த்தை இருக்கேப்பா, ஞாயித்துக்கிழமை உக்காந்து இதுல ஏத்திக்கலாம்" என்றான். அப்பாவும் சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் பல நாள் தெளிவாகத்தான் பேசினார். இளையவன் கேட்கவில்லை. கேட்டால், நீங்கள் பிழைக்கப் போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்தான். கடைசியில் அவராகவே சொல்ல ஆரம்பித்தபோது காய்ச்சலில் எல்லாம் கலைந்து கிடந்தது. காலையிலிருந்து ஆறு வார்த்தைகள் வந்திருந்தன.

டாக்டர் அக்கா தம்பி இரண்டு பேரையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"மருந்தைக் கூட்டிக் குடுத்தா வலி அடங்கிடும். ஆனா தூங்கிடுவார். மறுபடி முழிச்சுப் பேசுவார்னு நான் சொல்ல மாட்டேன். அவர் வேணாம்னு சொல்றதாலதான் உங்களைக் கேக்கறேன்."

"ஒரு மணி நேரம் குடுங்க டாக்டர்" என்றான் இளையவன்.

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று அடுத்த அறைக்குப் போனார்.

"காலையிலயும் இதே ஒரு மணி நேரம்தான் கேட்ட" என்றாள் மூத்தவள்.

"ஆறு வந்துடுச்சுக்கா. ஒன்னு ரெண்டு குறைஞ்சாக்கூட கம்ப்யூட்டரை வச்சுத் தேடிப் பிடிச்சிடலாம். ஆறு குறைஞ்சா ஆண்டவனே வந்தாலும் திறக்க முடியாது."

"அவர் துடிக்கிறாருடா."

"எனக்கு மட்டும் கண்ணு அவிஞ்சா போச்சு? அவரேதான் வேணாங்கிறாரு. நானா கையைப் பிடிச்சு வச்சிருக்கேன்?" போன் இருந்த கையை அவள் முன் நீட்டினான். "உனக்கென்னக்கா. உன் பங்கு பத்திரமா இருக்கு. நீ தாராளமா ஊசி போடச் சொல்லலாம்."

அவன் சொன்னது உண்மை என்பதுதான் அதில் கொடுமை. என் பங்கில் பாதியை எடுத்துக்கொள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கு பேசுகிற மாதிரி இருக்கும், அதனால்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் இருந்தது வெறும் கோபம்.

அவர்கள் உள்ளே வந்தபோது அம்மா அப்பாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னமோ இங்கிலீஷ்ல சொன்னார்டா."

இளையவன் பாய்ந்து வந்தான். "என்னம்மா சொன்னாரு? யோசிச்சுச் சொல்லும்மா."

"எனக்கு என்னடா தெரியும்? நான் முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன்." அம்மா துணியை மடித்தாள். "காலையிலேர்ந்து இதேதான். தண்ணி கேக்கல. என்னைக் கூப்பிடல. நான் ஒருத்தி இங்க இருக்கேங்கிறதே அவருக்கு மறந்துபோச்சு."

அப்பாவின் உடம்பு வில்லாக வளைந்தது. கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வலி போகட்டும் என்று காத்திருந்து, மூச்சு வந்ததும் திரும்பவும் உதட்டை அசைக்கத் தொடங்கினார். பையன் சொன்னது வீண்போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பாடு படுகிறார் என்று மூத்தவளுக்கு உறைத்தது. பொறாமையாகக்கூட இருந்தது. அவள் சொன்ன ஃபண்டுக்காக அவர் ஒரு நாளும் ஒன்றும் பட வேண்டியிருந்ததில்லை.

அவள் ஜன்னலை விட்டு வந்து அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பா. வந்துடுச்சுப்பா."

அவர் கண்ணைத் திறந்தார். "எல்லாமா?"

"பன்னண்டும் வந்துடுச்சு. இப்ப சொன்னீங்கல்ல, அதோட முடிஞ்சுது."

"வரிசை?"

"வரிசையும் சரியா இருக்கு. நான் பாத்துட்டேன்."

கணக்கில் பெரிய மகள் தப்பு பண்ண மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட்டை மாடிக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி இளையவனைப் பார்த்தார்.

"திறந்துச்சாடா?"

இளையவன் அக்காவைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அவனிடம் கண்டதில்லை. இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா மறுபடி பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார். ஆமாம் என்று சொன்னால் அவனுக்கு என்று அப்பா எடுத்து வைத்தது இந்த நிமிஷத்தோடு போயிற்று. அவன் போன் வெளிச்சம் அணைந்தது. அவன் அதைத் திரும்ப எழுப்பவில்லை.

"திறந்துடுச்சுப்பா" என்றான்.

"எப்படி இருக்கு?"

"ஏறிக் கிடக்குப்பா. நீங்க போட்டதுக்கு ரொம்ப மேல." போனைக் கவிழ்த்து வைத்தான். "ராக்கெட்டு எங்கயும் நிக்கல."

அப்பாவின் வாயோரம் லேசாக அசைந்தது. "அக்கா மாட்டு வண்டி?"

"அதுவும் நல்லா ஓடுதுப்பா. ரெண்டும் நல்லா ஓடுது."

அப்பா தலையசைத்தார். பிறகு ஊசி குத்துவதற்குத் தோதாக, தன் கையைத் தானே போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தார். "எங்க அந்தப் பொண்ணு? வரச் சொல்லு."

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அவர் கண் அறையெல்லாம் சுற்றி அம்மாவிடம் வந்து நின்றது. "நீ சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள் அம்மா. அவள் சாப்பிட்டிருக்கவில்லை. மறுநாள் காலை, நர்ஸுகள் வேலை மாறுகிற நேரத்தில், அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். மூத்தவள் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இளையவன் பக்கத்தில் வந்து நின்றான். உட்காரவில்லை.

எல்லாம் முடிந்து அன்று சாயங்காலம் வீட்டில் ஆள் வந்த வண்ணம் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொன்னாள். "பையன் சொல்லிப் போட்டது திறந்துடுச்சு, நல்லா ஏறியிருக்குன்னு காதால கேட்டுட்டுத் தானா கையை நீட்டினார். மனசு நிறைஞ்சு போனார்." அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் இளையவன் முதுகில் தட்டி, "சாதிச்சுட்டேடா. அப்பன் கண்ணு மூடறதுக்குள்ள காட்டிட்ட பாரு" என்றார். இளையவன் தலையாட்டினான்.

கூட்டம் குறைந்ததும் அம்மா இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டாள். மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பங்குல தம்பிக்கு ஏதாவது குடுக்கணும்னு மனசுல வச்சிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? ஒரு பைசா குடுக்கக் கூடாது. அவனுக்குத்தான் அவ்வளவு வந்திருக்கே. இனிமே அவன்தான் உனக்குச் செய்யணும். என்னடா சொல்ற?"

"ஆமாம்மா" என்றான் இளையவன்.

"அம்மா, அது வந்து..." என்று மூத்தவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, கீழ் வீட்டு பெஞ்சைத் திருப்பிக் குடுக்கணும்" என்று அவன் குறுக்கே புகுந்தான். "வா, ஒரு பக்கம் பிடி."

பெஞ்ச் லிஃப்ட்டுக்குள் போகாது. மாடிப்படி வழியாகத்தான் இறக்க வேண்டும். அவன் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னாலேயே நடந்தான். அவள் மேல்பக்கம் பிடித்துக்கொண்டாள். பெஞ்சுக்கு மேல் அவன் முகம் மட்டும் தெரிந்தது. ஒரு மாடி இறங்கினார்கள்.

"பாதி உனக்குடா" என்றாள்.

"எதுக்குன்னு அம்மா கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

அவன் குதிகாலால் துழாவி அடுத்த படியைத் தேடினான். பெஞ்ச் சாய்ந்து அதன் பாரம் முழுக்க அவன் பக்கம் போயிற்று. அவள் பலகையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள்.

"படி இருக்கு, பாத்து" என்றாள்.

அவன் காலை இறக்கினான்.

"இன்னும் ஒன்னு."