கட்டுக் கட்டாகப் பிரித்த மரபுத்தொடர்கள்

இசைவாணிக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் நாற்பதும் மனப்பாடம். ஆனால் நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் உடனே வரவில்லை. ஏன் என்றுதான் புரியவில்லை.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு பாஞ்சாலி கைடைப் பிரித்துக் கேட்டாள்.

"கோல்டு ஃபீட்?"

இசைவாணி முதல் தொடரிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவதாகச் சிக்கியது. "கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குறது."

"இன்னாடி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சிக்கினு வர்ற? அதுக்குள்ள பஸ்ஸே கூட்டேரிப்பட்டு வந்துடுச்சி!"

கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களின் மெயிலுக்குப் பதில் எழுதும் பிரிவில் ஓர் இடம் காலி. அந்த மெயில்களில் கண், காது, கை, கால் வைத்த ஆங்கிலத் தொடர்கள் நிறைய வரும். அதனால் தேர்வில் பத்து நிமிடத்துக்குள் அப்படி இருபது கேள்வி. இசைவாணி இரண்டு முறை தோற்றிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றாவது, கடைசி வாய்ப்பு. தவறினால் தையல் லைன் சூப்பர்வைசர் வேலையோடு சரி.

அன்று காலை லைன் நின்றுபோயிருந்தது. புதிதாகச் சேர்ந்த வெண்ணிலா, தோல் துண்டுகளை அவற்றின் சீட்டில் இருந்த பெயர்களின் அகரவரிசைப்படி அடுக்கிவிட்டார். எந்த மிஷினுக்கும் வேண்டியது மேலே இல்லை.

"பேரப் பாக்காதீங்கக்கா. எந்த மிஷினுக்குப் போவுதோ அந்தக் கட்டுல வைங்க" என்ற இசைவாணி, சொன்ன கையோடு நின்றுவிட்டாள். கைடும் அகரவரிசையில்தானே இருக்கிறது!

மதிய இடைவேளையில் நாற்பதையும் தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதினாள். கண்ணுக்கு ஒரு கட்டு, காதுக்கு ஒரு கட்டு, கைக்கும் காலுக்கும் தனித்தனி. அந்தந்த உறுப்பு செய்யும் வேலையிலிருந்து அர்த்தம் வருகிறதா என்று பார்த்தாள். ஆறு சீட்டுகள் எதிலும் சேரவில்லை. 'அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்றால் அநியாய விலை. கையும் காலும் செய்யும் எந்த வேலையிலிருந்தும் அந்த அர்த்தம் வரவில்லை. லைனில் மிஷினுக்குப் போகாத துண்டுகளைக் கைத்தையல் மேசைக்கு ஒதுக்குவார்கள். அவளும் அந்த ஆறை ஒதுக்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இருபதில் பதினெட்டு சரி. திங்கள் முதல் மெயில் பிரிவு.

மாலை பஸ்ஸில் பாஞ்சாலி விடவில்லை. "அடிப்பாவி! எப்டிடி? சொல்லு, நானும் அடுத்த வருசம் எழுதுறேன்."

"அந்த உறுப்பு இன்னா வேலை செய்யுதுன்னு முதல்ல பாரு. அப்பறம் அந்த வேலைக்கு இன்னா ஆச்சுன்னு பாரு. காலு நடக்கும். சில்லுன்னு வெறைச்சா முன்னால போவாது, அதான் பின்வாங்குறது. கால இழுத்து இழுத்து வச்சா லேட்டு பண்றது. கண்ணு பாக்கும். அத மூடிக்கினா தெரிஞ்சும் கண்டுக்காம வுடுறது. இப்டி முப்பத்தி நாலு வந்துடும். மீதி ஆறை மட்டும் மனப்பாடம் பண்ணு."