பத்து நிமிஷம்

சலவைக்கடை முதலாளியின் அகராதியில் தம்பி என்றால் தலைவலி. தம்பிக்கு வலிப்பு நோய். அது வருகிற நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்: விடுதிகளிலிருந்து படுக்கைவிரிப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற நாளாகப் பார்த்து வரும். இவன் வலிப்புக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும் என்பார் முதலாளி. இஸ்திரி போடும் பெண்கள் சிரித்துவைப்பார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், வேறென்ன செய்வார்கள்?

அன்றும் மூட்டை வந்தது. நீராவி மண்டிய அறையில், கொதிகலன் பக்கத்தில் தம்பி விழுந்து வெட்டி வெட்டி இழுத்தான். ஒருத்தி ஓடினாள். முதலாளி மறித்தார்.

"யாரும் கிட்ட போகாதீங்க. ஆள் பார்த்தாத்தான் கூத்து நீளும். துரை தானா எழுந்திரிப்பாரு."

துரை எழுந்திருக்கவில்லை. நின்றதுபோல் இருந்து மறுபடி இழுத்தது. முதலாளி விடுதிக்காரருக்கு போனில் பதில் சொன்னார். தம்பியைத் தாண்டிப் போய் மூட்டை பிரித்தார். ஐம்பது நிமிடம் போயிற்று. தொட்டால் சுடுகிற அளவுக்கு உடம்பு கொதிக்கவும்தான் பயம் வந்து வண்டி பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. ஈறிலும் கசிந்தது. தோளிலும் தொடையிலும் கருநீலத் திட்டுகள். உடம்புக்குள்ளே பொடிப்பொடியாக உறைந்து உறைந்தே, ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டதாம். பிழைப்பானா என்பதற்கு டாக்டரம்மா நேராகப் பதில் சொல்லவில்லை.

"யாரு இவரை அடிச்சது?"

"சத்தியமா நான் தொடவே இல்லீங்க."

அவர் வாயிலிருந்து வந்த அபூர்வமான உண்மைகளில் அது ஒன்று.

"எவ்வளவு நேரம் இழுத்துச்சு?"

"பத்து நிமிஷம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "பத்து நிமிஷத்துல இப்படி ஆகாதே. விஷம் கிஷம் குடிச்சாரா? காரணம் தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

ஐம்பது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே தெருவின் வாயும் நினைவுக்கு வந்தது. அதன் அகலம் அவருக்குத் தெரியாததா?

"குடிச்சிருப்பான். கொஞ்ச நாளாவே மனசு சரியில்ல அவனுக்கு."

வயிற்றைக் கழுவ மூக்கு வழியே குழாய் இறக்கினார்கள். குழாய் உரசிய இடத்தில் ரத்தம் கொட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

விஷம் குடித்தான் என்றால் எதற்குக் குடித்தான் என்று தெரு கேட்காமல் விடுமா? முதலாளியும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்: பால்காரரிடம் காதல் தோல்வி என்று, தையற்காரியிடம் சூதாட்டம் என்று. இஸ்திரி போடும் பெண்களிடம் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களும் கேட்பதில்லை.