பெட்டி பின்னால் வருகிறது

விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். தையல்காரி தரையில் கால் வைத்தபோது மணி பத்தரை. பன்னிரண்டு மணிக்கு அவள் அம்மாவை இருதய ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொன்னதைத் தம்பி போனில் மென்று விழுங்கிச் சொல்லியிருந்தான். உள்ளே போவதற்குள் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

தம்பி இன்னொன்றையும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "வெளிய நின்னு கூப்பிடுறவன் பின்னால போயிடாதேக்கா. உள்ளயே டாக்ஸி கவுன்ட்டர்ல பணம் கட்டி ரசீது வாங்கு. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கின பிறகுதான் அதை டிரைவர்கிட்ட குடுக்கணும். அது இருந்தாதான் அவனுக்குக் காசு கிடைக்கும்."

பணம் கட்டினாள். கையிலிருந்த உள்ளூர்ப் பணம் அதோடு சரி, மிச்சம் கொஞ்சம் சில்லறை. டிரைவர் அவளுடைய பெரிய பெட்டியை அலுங்காமல் தூக்கி டிக்கியில் வைத்தான். "ரசீதைக் குடுங்கக்கா, கேட்ல காட்டணும்" என்று கை நீட்டினான். கொடுத்துவிட்டாள். வெளிநாட்டுத் தையல் ஆலையில் சூப்பர்வைசர் கை நீட்டின போதெல்லாம் மறுபேச்சில்லாமல் கொடுத்துப் பழகின கை அது! கேட்டில் எவனும் எதையும் கேட்கவில்லை.

பாதி வழியில், மேம்பாலத்துக்கு அடியில் வண்டி ஓரங்கட்டியது.

"ஏசிக்குத் தனி, பெட்டிக்குத் தனி. கட்டின அளவு இன்னொரு தடவை குடுத்தாதான் வண்டி நகரும்."

"அதான் எல்லாத்துக்கும் சேர்த்துக் கட்டிட்டேனே! ரசீது..."

"எந்த ரசீது?"

அம்மா, ஆபரேஷன், பன்னிரண்டு மணி என்று எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினாள். ஆஸ்பத்திரியில் தம்பி இருக்கிறான், வாங்கித் தருகிறேன் என்றாள். அந்தப் படுபாவி கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான். "அங்க வந்தா ஆள் சேர்ப்பீங்க. இங்கயே வைங்க. இல்லேன்னா பெட்டி என்கிட்டயே இருக்கட்டும்."

மணி பதினொன்று இருபது. பெட்டியில் தம்பி பிள்ளைக்குக் காலணி இருந்தது, கம்பளி இருந்தது. அம்மாவுக்கென்று, நெஞ்சில் போடப்போகும் தையல் உறுத்தாமலிருக்க, முன்பக்கம் திறக்கிற மாதிரி பஞ்சு போன்ற துணியில் அவளே இரண்டு நைட்டி தைத்து வைத்திருந்தாள்.

எதிரே ஒரு பேருந்து வந்து நின்றது. நெற்றியில் ஆஸ்பத்திரியின் பெயர்.

"வச்சுக்கோ! நாசமாப் போ!" என்று கத்திவிட்டு ஓடினாள். ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. சில்லறை டிக்கெட்டுக்குக் காணும் காணாததுமாக இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் நிதானமாக இறங்கும்போது, அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

மூன்று மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. மூச்சிரைக்க ஏறியபோது, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுபடுக்கை நின்றுகொண்டிருந்தது.

"வந்துட்டியா பாப்பா?" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எப்படி வந்தே?"

"ஏசி டாக்ஸிலம்மா. சொகுசா வந்தேன்."

"பெட்டி எங்கடி?"

"பின்னால வருது."

"நான் வெளிய வர்ற வரைக்கும் அதைப் பிரிக்கக் கூடாது, ஆமா. உன் தம்பி பொண்டாட்டி கேட்டாலும் பிரிக்காதே. சேர்ந்து பிரிப்போம்."

நர்ஸ் படுக்கையைத் தள்ளினாள். தையல்காரி கூடவே நாலு எட்டு நடந்தாள்.

"பிரிக்க மாட்டேம்மா. சத்தியமாப் பிரிக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.