கார்டு இல்லாத ஒன்பது பேர்

பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கத்தில் பங்குச்சாமியார். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, பொருளாளர் சின்னப்பிள்ளை. எதிரே, திருநாள் சமையலைக் கவனிக்கும் வியாகுலமேரி. மேசைக் கோடியில் நோட்டும் பேனாவுமாகச் செயலாளர் சுகிர்தா. கதவருகே, நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காராமல், மார்க்குஸ் எக்கா.

மார்க்குஸ் ஜார்க்கண்டுக்காரர். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறார். அவரும் கூட வேலை பார்க்கும் எட்டுப் பேரும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார்கள். தமிழ்ப் பாட்டு தெரியாததால் உதட்டை மட்டும் அசைப்பார்கள்.

"சொல்லுங்க மார்க்குஸ்" என்றார் சாமியார்.

"கார்டு வேணும் ஃபாதர். எங்க வாங்கணும்?"

போன வாரம் அந்தோனியார் திருநாள். பூசை முடிந்ததும் சமபந்தி. இரண்டு வருடத்துக்கு முன் கடைசிப் பந்திக்குச் சோறு போதாமல், ஊர்க்காரர்களே வெறும் இலையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த அவமானம் மறுபடி வரக்கூடாதென்று, கோயில் வரி கட்டும் குடும்பங்களுக்கு மட்டும் கார்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் சுகிர்தாதான். பந்தல் வாசலில் பட்டியலும் கையுமாக நின்றவளும் அவளேதான். கார்டு இல்லாத ஒன்பது பேரையும் வெளிகேட்டுக்கு அனுப்பினாள். அங்கே பிச்சைக்காரர்களுக்குக் கொடுத்த பொட்டலம் அவர்களுக்கும் கிடைத்தது.

சின்னப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "வரி கட்டுற குடும்பத்துக்குத்தாம்ப்பா கார்டு. இன்னிக்கி இங்க இருப்பீங்க, நாளைக்கி வேற துறைமுகம்னு போயிடுவீங்க. எந்தப் பேருல போடுறது?"

"உங்க மருமவன் துபாய்ல இருந்துகிட்டே கார்டு வாங்கலியா?" என்றாள் வியாகுலமேரி.

"சும்மா இருங்கம்மா. அவன் வரி கட்டுறான்."

மார்க்குஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திருநாள் அன்னிக்கிக் காலைல பூசையில ஃபாதர் நற்கருணை அப்பம் குடுத்தாரு. கார்டு கேக்கல. மதியம் சோத்துக்குக் கேட்டாங்க. அதான், எங்க வாங்கணும்னு..."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. வழி கேட்பவரின் குரல். சுகிர்தாவுக்குத் தலை நிமிரவில்லை.

கலந்து பேசிச் சொல்வதாக அவரை அனுப்பிவைத்தார்கள். கதவு சாத்தியதும் சின்னப்பிள்ளை அவசரப்பட்டார்.

"ஆயர் இல்லத்துக்குத் திருநாள் அறிக்கை இன்னிக்கிப் போயாவணும். வழக்கம்போல எழுதிடு தங்கச்சி. வந்தவங்க எல்லாருக்கும் வயிறார உணவு குடுத்தோம்னு."

ஏழு வருடமாக அந்த வாக்கியத்தை எழுதியவள் அவள்தான்.

"அப்படி எழுத முடியாதுண்ணே."

"பின்ன? கோயில் மானத்தக் கப்பலேத்தப் போறியா? கார்டு உன் யோசனை. ஆயர் கேட்டா உன் பேருதான் மொதல்ல அடிபடும். செயலாளர் பதவியும் போயிடும்."

"தெரியும்ண்ணே."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடந்தத எழுதும்மா, நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா அப்பறம் கார்டயும் எடுக்கணும், எடுத்துட்டா அடுத்த வருஷம் சோறு பத்தாது. அதுக்கும் ஒரு வழி சொல்லணும்ல?"

"ரெண்டு மூட்டை அரிசி கூடப் போட்டா பத்தும் சாமி" என்றாள் வியாகுலமேரி.

"மூட்டை உங்க வீட்டுலேருந்து வருமா?" என்றார் சின்னப்பிள்ளை.

"எங்க வீட்டுலேருந்து எப்புடிண்ணே வரும்? வாணவெடிய நிறுத்துனா வரும்."

"அது எங்கப்பா காலத்து உபயம்!" என்று எழுந்தே விட்டார் சின்னப்பிள்ளை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சுகிர்தா எழுத உட்கார்ந்தாள். கூட்ட நெரிசலால் சிலருக்குப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை என்று முதலில் எழுதினாள். நெரிசல் ஏதும் இல்லை. பந்தியில் ஆள் உட்காராத இலைகள் கிடந்தன. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தாள்.

"காலையில் எங்களோடு ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்கிய தொழிலாளர் ஒன்பது பேரை, மதியம் பந்தியில் உட்காரவிடாமல் தடுத்தவள் நான். கார்டு முறை என் யோசனை. அதை எடுத்துவிட அனுமதி வேண்டுகிறேன். வாணவெடிச் செலவை அரிசிக்குத் திருப்பவும் உத்தரவு வேண்டும். அப்படியும் சோறு குறைந்தால், முதலில் என் வீட்டார் இலையை விட்டு எழுந்துகொள்வோம்."

சாமியார் இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பொருளாளர் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருந்தது.

திருமலைராயன்பட்டினம் தபால் நிலையத்தில் கூட்டமில்லை. அறிக்கை உறையின் ஓரத்தில் பசை இன்னும் ஈரமாக இருந்ததால், சுகிர்தா கட்டைவிரலால் இன்னொரு தடவை அழுத்தினாள். எழுத்தர் எடை போட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.